பழம் இல்லாத நாளில் ஆப்பிளும் பேரியும்

கொடைக்கானல் மலையில் வீட்டு ஓரங்களிலும் காய்கறித் தோட்டத்து வரப்புகளிலும் நிற்கும் பழமரங்களில் பேரியும் பிளம்ஸும்தான் அதிகம். ஆப்பிள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தென்படும். ஆனாலும் கீழேயிருந்து வருகிறவர்கள் ஒரு பேரி மரத்தைக் கண்டதும் முதலில் கேட்பது, "இது ஆப்பிள் மரம்தானே?" என்பதுதான். காய் தொங்கும் ஆடி, ஆவணியில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. மற்ற மாதங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஏனென்றால் இரண்டும் அவ்வளவு நெருங்கிய சொந்தம். ரோஜாக் குடும்பத்தில் ஒரே கிளையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் ஐந்து இதழ்ப் பூ, நுனி கூரிய முட்டை வடிவ இலை, இலை ஓரத்தில் சிறு பற்கள். பழத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் விதைக்கான ஐந்து அறைகள். 1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்தபோது ஆப்பிளையும் பேரியின் பேரினத்திலேயே, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்பிலேயே, சேர்த்து 'பைரஸ் மாலஸ்' என்றுதான் எழுதினார். அடுத்த வருடமே இங்கிலாந்தைச் சேர்ந்த தோட்டக்கலை அறிஞர் பிலிப் மில்லர் ஆப்பிளைப் பிரித்து 'மாலஸ்' என்று தனிப் பேரினம் ஆக்கினார். ஆப்பிளின் மரபணுத் தொகுதி 2010-லும் பேரியுடையது 2013-லும் வெளியாயின. இரண்டிலும் அடிப்படை குரோமோசோம் எண்ணிக்கை 17தான். ஒரே மூதாதையிலிருந்து வந்தவை என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை.

அப்படியானால் எதைப் பார்த்துப் பிரிப்பது? மலைத்தோட்டங்களைப் பல வருடமாகப் பார்த்து வந்ததில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. மனிதன் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் பழத்தைப் பார்த்துத்தான் மரத்தைத் தேர்ந்தெடுத்தான். பெரிசாக, இனிப்பாக, சிவப்பாக, உருண்டையாக என்று அவன் இழுத்த பக்கமெல்லாம் பழம் வந்தது. மரத்தின் உருவத்தையும் கிளை வெட்டும் கவாத்துக் கத்தியால் தன் இஷ்டத்துக்கு மாற்றினான். ஆனால் பூவுக்குள் இருக்கும் மகரந்தப்பையின் நிறம், பூவின் நடுவே எழும் சூல்தண்டின் அடிப்பாகம், இலையின் அடிப்புறத்து ரோமம் இவற்றையெல்லாம் அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதனால் அவை பெரும்பாலும் பழையபடியே இருக்கின்றன. மரம் எது என்று தெரிய வேண்டுமானால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

முதலில் தூரத்திலிருந்து தெரிவதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். பேரி நெட்டுக்குத்தாக வளரும் மரம். கிளைகள் தண்டோடு குறுகிய கோணத்தில் கிளம்பி மேல்நோக்கியே போகும். இளம் மரம் கோபுரம் மாதிரிக் கூம்பி நிற்கும். ஆப்பிள் பக்கவாட்டில் பரவும், தலை உருண்டையாக இருக்கும், உயரமும் குறைவு. விட்டுவிட்டால் இரண்டும் இப்படித்தான் வளரும். ஆனால் யார் விடுகிறார்கள்? நல்ல விவசாயி பேரிக் கிளையில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டோ, கயிறு போட்டு இழுத்துக் கட்டியோ கோணத்தை அகலமாக்குவார். கிளை படுத்தால்தான் காய்க்கும் என்பது அனுபவம். காய்ச் சுமையிலேயே கிளை வளைந்து, வயதான பேரி ஆப்பிளைவிட அகலமாக நிற்பதும் உண்டு. காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் இப்போது போடும் அடர்நடவு ஆப்பிள் தோட்டங்களில், குட்டை வேர்ச்செடியில் (வேரும் அடித்தண்டும் தரும் வேறொரு செடி) ஒட்டுக் கட்டிய ஆப்பிள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக மேலே போகிறது. அங்கே போய் உருவத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

பட்டையைக் கொஞ்சம் நம்பலாம். வயதான பேரியின் பட்டை கருமையாக, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துச் சின்னச் சின்னச் சதுரங்களாக இருக்கும். முதலையின் முதுகைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஆப்பிளின் பட்டை சாம்பல் கலந்த பழுப்பு. அது சதுரமாக வெடிக்காது, ஒழுங்கில்லாத செதில்களாக உரியும். ஆனால் மரத்துக்கு வயதாகியிருக்க வேண்டும். சின்ன மரத்தில் இரண்டும் வழவழப்புதான். கொடைக்கானல் போன்ற ஈர மலையில் பாசி படர்ந்து பட்டையை மூடிவிடுகிறது என்பது இன்னொரு சிக்கல்.

இலை உதிர்ந்த மார்கழி, தை மாதங்களில்தான் கவாத்து நடக்கும். அப்போது பூ இல்லை, இலை இல்லை, காய் இல்லை. வில்பட்டிப் பக்கம் என் சித்தப்பா தோட்டத்தில் ஒரு வரிசையில் பேரிகளுக்கு நடுவே ஆப்பிளும் கலந்து நிற்கிறது. புதிதாக வேலைக்கு வந்த பையனிடம் சித்தப்பா சொல்வார்: "குச்சியைத் தடவிப் பாருப்பா. பஞ்சு மாதிரி ஒட்டுனா ஆப்பிள்." அவ்வளவுதான் அவர் பாடம். அதில் முழு விஷயமும் இருக்கிறது. ஆப்பிளின் இளங்குச்சியிலும் மொட்டிலும் மெல்லிய வெள்ளை ரோமம் படர்ந்திருக்கும். மொட்டு மழுங்கியது, குச்சியோடு ஒட்டிப் படுத்திருக்கும். பேரியின் குச்சி வழவழப்பாக மினுங்கும், மொட்டு கூராக, குச்சியிலிருந்து விலகித் துருத்திக்கொண்டு நிற்கும். நாட்டு பேரியாக இருந்தால் குச்சியின் நுனியே முள்ளாகியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொல்லிவிடக்கூடிய அடையாளம் இது.

சரி, பூவுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரண்டு மரத்தையும் சந்தேகமே இல்லாமல் பிரிக்கக்கூடிய இடமும் இதுதான்.

ஆப்பிள் மொட்டு அடர்ந்த ரோஜா நிறத்தில் இருக்கும். விரியும்போது உள்ளே வெள்ளை, வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பு படிந்திருக்கும். பேரிப்பூ சுத்த வெள்ளை. ஆனால் வெளுத்த ஆப்பிள்பூவும் உண்டு, மொட்டில் இலேசாகச் சிவந்த பேரியும் உண்டு. அதனால் இதழோடு நிற்காமல் பூவுக்குள் பாருங்கள். ஆப்பிளின் மகரந்தப்பைகள் வெளிர் மஞ்சள். அப்போதுதான் விரிந்த பேரிப்பூவில் அவை ஊதா கலந்த சிவப்பு. வெள்ளை இதழுக்கு நடுவே இருபதுக்குக் குறையாமல் சிவந்த புள்ளிகள் தெரியும். மகரந்தம் உதிர்ந்தபின் அவையே சுருங்கிக் கறுத்துவிடும். ஒரே ஒரு பூவைப் பறித்துப் பார்க்க அனுமதி கிடைத்தால், இதழ்களையும் மகரந்தத் தாள்களையும் கிள்ளிவிட்டு நடுவில் நிற்கும் சூல்தண்டுகளைப் பாருங்கள். ஆப்பிளில் ஐந்தும் அடியில் ஒன்றாக ஒட்டி, மேலே போய்ப் பிரியும். பேரியில் ஒவ்வொன்றும் அடியிலிருந்தே தனித்தனி. தாவரவியல் நூல்களில் இந்த இரண்டு பேரினங்களையும் பிரிக்கும் முக்கியமான அடையாளங்களில் இதுவும் ஒன்று. எந்த விவசாயியும் சூல்தண்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கன்று தேர்ந்தெடுத்தது இல்லை. அதனால்தான் அது இத்தனை காலமும் மாறாமல் இருக்கிறது.

பூங்கொத்து விரியும் முறையும் வேறு. ஆப்பிள் கொத்தில் நடுப்பூ முதலில் விரியும், அப்புறம் சுற்றியிருப்பவை. பேரியில் தலைகீழ்: வெளியே கீழ்ப்பக்கம் இருப்பவை முதலில், நடுப்பூ கடைசியில். இமாச்சல விவசாயிகளுக்கு ஆப்பிளின் நடுப்பூ ரொம்ப முக்கியம். பெரிய காய் அதில்தான் வரும், அதிகக் காய்களைக் கிள்ளிக் கலைக்கும்போது அதை விட்டுவிட்டு மற்றவற்றை எடுப்பார்கள். ஒரு சித்திரை மாதம் சிம்லாவுக்கு மேலே கோட்கர் பக்கம் போயிருந்தேன். சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1904-ல் இந்தியா வந்து, அங்கேயே குடியேறி, அமெரிக்காவிலிருந்து டெலிஷியஸ் ஆப்பிள் கன்றுகளை வரவழைத்து நட்ட ஊர் அது. பின்னாளில் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போய், சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். அந்தச் சரிவுகளில் ஆப்பிளுக்கு இடையே அங்கங்கே பேரியும் நிற்கிறது. பேரி ஆப்பிளுக்கு முந்திப் பூக்கும் என்பதால் நான் போனபோது பேரியில் இதழ் உதிரத் தொடங்கியிருந்தது, ஆப்பிள் ரோஜா நிற மொட்டாக இருந்தது. இரண்டையும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் அப்புறம் ஆயுசுக்கும் மறக்காது.

மூக்கும் உதவும். ஆப்பிள்பூவில் மெல்லிய இனிய மணம் இருக்கும். பேரிப்பூவுக்கு அருகே போனால் மீன்கடை ஞாபகம் வரும். மீன் நாற்றத்துக்குக் காரணமான டிரைமெதிலமீன் போன்ற பொருட்கள் அதில் இருப்பதால்தான். ஈக்களுக்கு அது பிடிக்கும். தேனீக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பேரிப்பூவில் ஊறும் தேனில் சர்க்கரையும் குறைவு, அதனால் பக்கத்தில் வேறு நல்ல பூ இருந்தால் தேனீ அங்கே போய்விடும். பேரித் தோட்டத்தில் காய்ப்பிடிப்பு குறைய இதுவும் ஒரு காரணம்.

நம் மலைகளில் பூக்கும் காலத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. காரணம் குளிர். இந்த மரங்கள் உறங்கி எழுவதற்குக் குளிர்காலத்தில் இத்தனை மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழே இருந்தாக வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. டெலிஷியஸ் வகை ஆப்பிளுக்கு ஆயிரம் மணி நேரத்தை ஒட்டித் தேவைப்படும். கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் கொடைக்கானல் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அவ்வளவு குளிர் அங்கே கிடைக்காது. குளிர் போதாத மரம் ஒரு கிளையில் பூவும் இன்னொரு கிளையில் காயுமாகத் தடுமாறும். பார்லின்ஸ் பியூட்டி மாதிரி குறைந்த குளிரில் பிழைக்கும் ஆப்பிள் வகைகள்தான் இங்கே நிற்கின்றன. பேரிக்கு அந்தச் சிரமம் குறைவு. இங்கே வளரும் கீஃபர் என்ற வகை 19-ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியா அருகே சீனத்து மணல் பேரியும் ஐரோப்பியப் பேரியும் கலந்து பிறந்தது. ஆசிய ரத்தம் இருப்பதால் குறைந்த குளிரிலேயே பூத்துக் காய்க்கிறது. நம் மலைகளில் பேரி மலிந்து, ஆப்பிள் அருகியதற்குக் காரணம் இதுதான். நீலகிரியிலும் அதே கதை. கோத்தகிரிப் பக்கம் பேரிக்காய் சீசன் வந்தால் கரடி தோட்டத்துக்குள் இறங்கும் என்று ஊருக்கே தெரியும்.

இனி இலை. வருடத்தின் பெரும்பகுதி கையில் கிடைப்பது இலைதான், அதனால் இதை நன்றாகப் பழகிக்கொள்வது நல்லது. முற்றிய இலை ஒன்றைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். ஆப்பிள் இலையின் அடிப்புறம் வெளிறி, பஞ்சு தடவியது போல ரோமத்தோடு இருக்கும். மேற்புறமும் மங்கல்தான். பேரி இலை இரண்டு பக்கமும் வழவழப்பு, மேற்புறம் எண்ணெய் தேய்த்தது போல மினுங்கும், தொட்டால் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். இளந்துளிரில் பேரிக்கும் ரோமம் இருக்கும், பின்னால் உதிர்ந்துவிடும். அதனால்தான் முற்றிய இலை என்கிறேன். காம்பு பேரியில் நீளம், இலை அளவுக்கே நீண்ட காம்புகூட உண்டு, அதனால் சின்னக் காற்றுக்கும் பேரி இலை ஆடும். ஆப்பிளின் காம்பு குட்டை, அதிலும் ரோமம். ஓரப் பற்களைப் பார்த்தால் ஐரோப்பியப் பேரியில் அவை மிகச் சிறியவை, சில இலைகளில் இல்லவே இல்லை என்று தோன்றும். ஆசியப் பேரியில் ஒவ்வொரு பல்லும் நீண்டு முள்மயிராக முடியும். ஆப்பிளில் பல் கொஞ்சம் பெரிது, ஆனால் முள்மயிர் கிடையாது.

இலைக்குள் இருக்கும் வேதியியல் வித்தியாசம் இதைவிடச் சுவாரசியமானது. ஆப்பிளின் இலையிலும் பட்டையிலும் புளோரிசின் என்ற கசப்புப் பொருள் நிறைய இருக்கிறது. பேரியில் அந்த இடத்தில் அர்புட்டின் இருக்கிறது. முகத்தை வெளுப்பாக்கும் கிரீம்களில் சேர்க்கிறார்களே, அதே அர்புட்டின்தான். இலை சாகும்போது அர்புட்டின் சிதைந்து ஹைட்ரோகுவினோன் ஆகி, காற்றுப்பட்டுக் கறுக்கும். பேரி மரத்தடியில் விழுந்து கிடக்கும் இலைகள் பல கன்னங்கரேலென்று இருப்பதற்குக் காரணம் அதுதான். ஆப்பிள் இலை காய்ந்தால் பழுப்போடு நின்றுவிடும். மரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் காலடியைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது.

புளோரிசினுக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1835-ல் அதை ஆப்பிள் மரத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். கசப்பாக இருந்ததால் காய்ச்சலுக்கு ஆகும் என்று முயன்றார்கள். 1886-ல் ஜெர்மன் மருத்துவர் ஃபான் மெரிங், புளோரிசின் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுகிறது என்று கண்டார். சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சுவதை அது தடுக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, அதே அமைப்பைச் சீர்செய்து உருவாக்கியவைதான் இன்று நம் வீடுகளில் சர்க்கரை நோய்க்குச் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள். ஆப்பிளையும் பேரியையும் பிரிக்கும் ஒரு பொருள், யாரோ ஒரு பாட்டியின் மாத்திரைப் பெட்டி வரைக்கும் வந்திருக்கிறது என்பது எனக்குத் தீராத ஆச்சரியம்.

பழத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் முன்னமே சொன்னதுதான். வடிவத்தை நம்பினால் ஏமாற்றும். காம்புப் பக்கம் நீண்டு ஒடுங்கிய வால்பேரியைப் பார்த்தால் யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் ஜப்பானிய, சீனப் பேரிகள் பல ஆப்பிள் போலவே உருண்டை, காம்பு குழிக்குள்ளே இருக்கும். பஞ்சாபில் பரவலாக விளையும் பத்தர்நாக் பேரியும் உருண்டைதான். கடித்தால் தெரிந்துவிடும். பேரியின் சதையில் நறநறவென்று படுவது கல் செல்கள். செல்லின் சுவர் தடித்து மரமாகிப் போனவை. தேங்காய்ச் சிரட்டையைக் கெட்டியாக்குவதும் இதே வகைச் செல்கள்தான். ஆப்பிள் சதையில் அவை கிடையாது. தண்ணீரில் போட்டும் பார்க்கலாம். ஆப்பிளின் கன அளவில் சுமார் கால் பங்கு காற்று, அதனால் நன்றாக மிதக்கும். பேரியின் சதை நெருக்கமானது, பெரும்பாலும் அமிழும் அல்லது மேற்பரப்பை ஒட்டித் தத்தளிக்கும். வெளிநாட்டுப் பேரிப் பொதிகூடங்களில் பழம் மிதப்பதற்காகத் தொட்டித் தண்ணீரில் உப்புப்பொருள் கலக்கிறார்கள். ஆப்பிளுக்கு அது தேவைப்படுவதில்லை.

பழுக்கும் விதத்திலும் வேறுபாடு உண்டு. ஆப்பிள் மரத்திலேயே பழுக்கும். ஐரோப்பியப் பேரியை மரத்திலேயே விட்டால் உள்ளிருந்து அழுகத் தொடங்கும், வெளியே பார்த்தால் தெரியாது. காயாக முற்றியதும் பறித்து வீட்டில் வைத்துத்தான் பழுக்க வைக்க வேண்டும். நம் ஊரில் பேரியைக் காயாகவே மிளகாய்ப்பொடியும் உப்பும் போட்டு நறுக்கென்று தின்கிறோம். கீஃபர் போன்ற கெட்டி வகைகளுக்கு அதுவும் பொருத்தமான வழிதான் என்பது என் கருத்து. ஒரு வாரம் பொறுத்துப் பழுக்க வைத்துத் தின்று பார்த்தால் இன்னொரு ருசி கிடைக்கும், அதையும் ஒரு தடவை முயன்று பாருங்கள்.

கடைசியாக, மரத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தோட்டத்து மரம் என்பது பெரும்பாலும் ஒட்டு மரம். மேலே ஒரு வகை, கீழே வேர்ச்செடி வேறொரு வகை. கொடைக்கானலில் நல்ல பேரியை நாட்டு பேரி வேர்ச்செடியில்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். ஐரோப்பாவில் பேரியைக் குயின்ஸ் என்ற இன்னொரு உறவுக்கார மரத்தின் வேரில் கட்டி மரத்தைக் குட்டையாக்குவது வழக்கம். ஆப்பிளைப் பேரியில் கட்டினால் இவ்வளவு சொந்தம் இருந்தும் பெரும்பாலும் நிலைப்பதில்லை. சில வருடம் தாங்கிவிட்டு ஒட்டின இடத்தில் முறியும். கவனிக்காத மரத்தில் வேர்ச்செடி அடியிலிருந்து தளிர்விட்டு, மேலே உள்ள நல்ல மரத்தையே அமுக்கிவிடுவதும் நடக்கும். அப்படிப்பட்ட மரத்தடியில் நின்று, கைக்கு எட்டும் முள்ளுள்ள தளிரிலிருந்து இலையைப் பறித்துப் பார்த்தால் வேர்ச்செடியின் அடையாளம்தான் கிடைக்கும், மரத்தின் அடையாளம் கிடைக்காது. அடித்தண்டில் ஒட்டின இடம் ஒரு வீக்கமாகவோ பட்டையின் நிறம் மாறும் கோடாகவோ தெரியும். அதற்கு மேலே கிளம்பிய கிளையிலிருந்து இலையோ பூவோ எடுங்கள். அடியில் வந்திருக்கும் தளிரைத் தோட்டக்காரரிடம் காட்டி, அடியோடு அறுத்துவிடச் சொல்லிவிட்டும் வாருங்கள்.